இல்லக் கல்வியும் பள்ளிக் கல்வியும்

சென்ற சித்திரைத் திங்களிற் கூடிய நம் சங்கத்துக் கல்வி நிதிக் கூட்டத்தில் அன்பரொருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். நகரத்துப் பள்ளிகளிற் பயிலும் நம் குலத்துச் சிறுமியர் பொருட்டு நாம் நடத்திவரும் விடுதியின் மேற்கூரை பழுதுபட்டிருத்தலை அங்கத்தினர் யாவரும் அறிவர். ஐப்பசி மழைக்கு முன் அதனைச் செப்பனிட நிதியிலிருந்து பொருள் வழங்க வேண்டுமெனக் காரியதரிசி விண்ணப்பித்தபொழுது, அவ்வன்பர், "விடுதிதான் எதற்கு? பெண் குழந்தைகளை ஊர்விட்டு ஊர் அனுப்புவானேன்? வீட்டிலிருந்தே படித்துத் தனித்தேர்வராகத் தேர்வெழுதிக் கொள்ளலாமே. நம் பாட்டன்மார் எந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்டார்கள்? கணக்கறியாமலா வாழ்ந்தார்கள்? இந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கி வீட்டுக்கு வீடு கொடுத்தால் ஊரெல்லாம் படிக்குமே" என்றார். அவையிற் பாதிப் பேர் தலையசைத்தனர். மற்றைப் பாதியினர் முகஞ்சுளித்தனர். விஷயம் ஆவணித் திங்கட் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அவ்வன்பரின் மகள் எட்டாம் வகுப்பிற் தேறியவள் என்பதும், அவ்வூரில் அதற்குமேல் வகுப்பில்லை என்பதும் பின்னர் நமக்குத் தெரியவந்தன. ஆகவே அவர் வினா விதண்டையன்று. ஒரு தந்தையின் கவலை. அதனை நகைத்து ஒதுக்குதல் முறையாகாது. "நம் பாட்டன்மார் எந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்டார்கள்?" என்று அவர் கேட்ட பகுதி வரலாறு பற்றியதாகலின், அதற்கு வரலாற்றைக் கொண்டே விடை காண ஈண்டு முயல்கின்றோம்.

நம் பாட்டன்மார் பள்ளியைக் காணாதவர் என்பது முதற்கண் உண்மையன்று. சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில், மாகாணமெங்கும் எத்தனை பள்ளிகள் உள, அவற்றில் யார் யார் பயில்கின்றனர் என்று கணக்கெடுத்தனுப்புமாறு ஜில்லாக் கலெக்டர்களுக்குக் கட்டளையிட்டார். விடைகள் வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் எழுதிவைத்த குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் மக்களில் 1,88,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் அவற்றிற் பயின்றனர். அக்காலத்தில் அரசாங்கப் பள்ளி என்று ஒன்று நாட்டிலே பரவியிருக்கவில்லை. அவை அனைத்தும் ஊரார் தாமே வைத்து நடத்திய திண்ணைப் பள்ளிகளும் அவைபோல்வனவுமே. தமிழ் ஜில்லாக்களில் அப்பள்ளிகளிற் பயின்றோரில் பெரும்பாலார் உழவு, வாணிகம், கைத்தொழில் முதலியன செய்யும் குலங்களின் பிள்ளைகள் என்பதும் அக்கணக்கினாற் புலனாகின்றது.

திண்ணைப் பள்ளியின் நடைமுறையை முதியோர் சிலர் தம் தந்தையர் சொல்லக் கேட்டிருப்பர். பொழுது புலருமுன்பே பிள்ளைகள் வந்துவிடல் வேண்டும். முதலில் வருபவனுக்கு வேத்தான் என்று பெயர், அவனுக்குத் தண்டனையில்லை, பின் வருவார்க்கு வரிசைப்படி அடி ஏறிக்கொண்டே போகும். முதலில் மணலில் விரலால் எழுத்து. பின்னர் ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நெல்லிலக்கம், சதகங்கள், நிகண்டு என ஏறுவரிசையிற் பாடம் செல்லும். மூத்த மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளையாய் நின்று இளையோர்க்கு முறை சொல்லிக் கொடுப்பான். உபாத்தியாயருக்குக் கூலி பெரும்பாலும் நெல்லே. கோதண்டம் முதலிய கொடிய தண்டனைகளும் இருந்தன. அவற்றை நாம் புகழவில்லை. ஆயினும் மணலில் எழுதும் அம்முறை அயல்நாட்டாரையும் கவர்ந்தது. சென்னையிலே படைவீரரின் அநாதைப் பிள்ளைகட்கென நடந்த பள்ளியின் தலைவராய் 1789-ஆம் ஆண்டில் அமர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், தமிழ்ச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனைக் கையாண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு நிலைபெறுத்தி, 1797-ஆம் ஆண்டில் இலண்டனில் நூலொன்றும் வெளியிட்டார். இங்கிலாந்திலே அது சென்னை முறை என்ற பெயராலேயே வழங்கிற்று.

இனி, மன்றோவின் குறிப்பில் நம் வினாவுக்கு நேரே தொடர்புடைய பகுதி ஒன்றுளது. சென்னைப் பட்டினத்தில் வீட்டிலிருந்தே பயின்ற பிள்ளைகளின் தொகை 26,963 என்று கலெக்டர் கணக்கு அனுப்பியிருந்தார். இஃது அப்பட்டினத்துப் பள்ளிகளிற் பயின்றோரினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு. மன்றோவே இத்தொகையை ஐயுற்றார்; எங்கோ பிழையிருக்கக்கூடும் என்றார். ஆயினும் உறவினர் மூலமாகவோ தனி ஆசிரியர் மூலமாகவோ வீட்டிற் கற்பிக்கும் வழக்கம் எங்கும் உண்டாகையால், வீட்டிற் பயின்றோர் தொகை சிறியதாயிராது என்றும் ஒப்புக்கொண்டார்.

இதனைக் கேட்டவுடன் நம் அன்பர், "பார்த்தீர்களா, நான் சொன்னதுதானே?" என்று மகிழக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகின்றோம். வீட்டிற் பயின்றோர் என்றால் யாரிடம் பயின்றனர்? ஏடு கற்ற உறவினரிடம். அல்லது கூலி கொடுத்து அமர்த்திய ஆசிரியரிடம். அப்பட்டினத்திலோ கும்பினியாரின் துபாஷிகளும், பெருவணிகரும், உத்தியோகஸ்தரும் மிகுதி. தாமே கற்றவரும் ஆசிரியரை வைத்துக்கொள்ள வல்லவருமான இத்தகையோரின் இல்லங்களே இக்கணக்கிற் பெரும்பங்கு கொண்டிருக்கும் என்று நாம் ஊகிக்கின்றோம். அவர்கள் வீட்டுக் கல்வி என்பது பள்ளியின்மை அன்று; பள்ளியையே தம் கூடத்துக்குள் அழைத்துக்கொண்டமையாகும். தந்தை தறியில் இருக்க, தாய் களத்தில் இருக்க, பரணில் ஓர் ஏடுமில்லாத வீட்டில், பிள்ளை யாரிடம் பயிலும்? நம் சொந்த வீட்டுப் பரணில் ஓர் எண்சுவடி இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் வீட்டில் இல்லாமையால் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிட்டார்கள் என்று நம் பாட்டியார் கூறுவார்.

பெண் குழந்தைகளின் நிலை இன்னும் வெளிப்படை. மன்றோவின் காலத்தில் மாகாணமெங்கும் பள்ளிகளிற் பயின்ற 1,88,000 பேரிற் பெண்கள் 4,540 பேரே. ஏனைய பெண்கள் எல்லாம் வீட்டிலேதான் இருந்தனர். வீட்டில் இருத்தலே கல்வியாகுமேல், நம் தாய்மாரின் தாய்மார் அனைவரும் கற்றவராயிருந்திருத்தல் வேண்டுமன்றோ?

பள்ளியுமன்று, வீடுமன்று என்னும் மூன்றாவது வழியொன்றும் நம் நாட்டில் இருந்தது. அதுவே குருவினிடம் சென்று உடனுறைந்து கற்றல். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் வரலாற்றை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 1855-ஆம் ஆண்டிற் பிறந்த உத்தமதானபுரத்தவராகிய அவர் முதலில் திண்ணைப் பள்ளியிற் பயின்றார். தமிழில் மேலும் கற்பிக்க வல்லார் தம் ஊரில் இல்லாமையால், இசைவாணராகிய அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் ஆசிரியரைத் தேடி ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். மகனைப் பள்ளிக்கு அனுப்புவார் உண்டு. மகனுக்காக வீட்டையே ஆசிரியரிருக்கும் ஊருக்குக் கொண்டு சென்றவர் அவர். முடிவில் மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சேர்ந்து, 1876-ஆம் ஆண்டில் அவர் மறையுமளவும் உடனிருந்து பயின்றார். பிள்ளையவர்கள் மாணாக்கரிடம் பொருள் கொள்ளாதது மட்டுமன்று. அவர்கள் உணவுக்கும் தாமே வழி தேடினார். வேறு குலத்தாரும் வேறு சமயத்தாரும் அவரிடம் பாடங் கேட்டனர். நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவர்தம் மாணாக்கரே. ஐயரவர்கள் எந்தப் பரீட்சையும் கொடாமலே 1880-ஆம் ஆண்டிற் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயினார். 1887-ஆம் ஆண்டிற் சிந்தாமணியை அச்சேற்றினார். பட்டமில்லாமலே படித்தவர் என்று இவரைக் காட்டுவோர், அவர் ஆசிரியரில்லாமற் படித்தவரல்லர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இவ்விடத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் பெயர் ஒன்றுண்டு. அது கணித மேதை ஸ்ரீநிவாச ராமாநுஜன் என்பது. "அவர் கல்லூரியிற் தவறியவர், தாமே கற்று உலகப் புகழ் எய்தவில்லையா?" என்பர். அவர் சரித்திரத்தை ஊன்றிக் கவனித்தல் நலம். 1887-ஆம் ஆண்டில் ஈரோட்டிற் பிறந்த ராமாநுஜன் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியிற் பயின்றார். அவர் தனிக் கல்விக்கு வித்தான காரின் கணிதத் தொகுப்பு நூல் 1903-ஆம் ஆண்டளவில் அவர் கைக்குக் கிடைத்தது. அது கும்பகோணம் அரசாங்கக் கல்லூரி நூல்நிலையத்துப் பிரதி. வீட்டுத் திண்ணையிற் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கையால் அழித்தழித்துக் கணக்குகளைப் போட்டாரெனினும், அத்திண்ணைக்கு நூல் வந்த வழி கல்லூரி வழியே.

1904-ஆம் ஆண்டிற் கல்லூரியிற் சேர்ந்த அவர் கணிதமொழிந்த பாடங்களைக் கைவிட்டமையால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் நிறைவேறவில்லை. 1907-ஆம் ஆண்டிலே தனித்து எப். ஏ. பரீட்சை எழுதினார், அதிலும் தவறினார். தனித்தேர்வர் என்றால் தடை நீங்கிற்று என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வாராக. பின்னைச் சில ஆண்டுகள் வறுமையும் தனிமையும் அவரை வாட்டின. 1912-ஆம் ஆண்டிற் சென்னைத் துறைமுகத்திற் குமாஸ்தா ஆனார். 1913-ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் வழிதிறந்தது, 1914-இற் கப்பலேறினார், 1918-இல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானார், 1920-ஆம் ஆண்டில் 32 வயதில் மறைந்தார். அவரைக் கண்டெடுத்த ஹார்டியே, ராமாநுஜன் இளமையில் இறந்ததனினும் அவர் அறிவு வளர்ந்த பருவத்து ஐந்தாண்டுகள் வழிகாட்டுவாரின்றிக் கழிந்தமையே பெருந்துயரம் என்னும் கருத்துப்பட எழுதியுள்ளார். ஐரோப்பியர் முன்பே கண்டறிந்தவற்றைத் தாமும் தனியே கண்டுபிடிப்பதில் அவர் உழைப்பிற் பெரும்பங்கு செலவாயிற்று. ஆகவே ராமாநுஜன் வரலாறு பள்ளி வேண்டா என்பதற்குச் சான்றன்று. ஒரு பாடத்தில் மலையும் மற்றவற்றில் மடுவுமாய் நின்ற பிள்ளையைத் தாங்க அக்காலக் கல்லூரிக்கு வகையில்லை என்பதற்கே சான்று. அக்குறை கல்லூரியின் மேலதே. அதனை நாம் மறைக்க விரும்பவில்லை.

பெண் குழந்தையைப் பற்றிய வினாவாகையால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அவர்களின் வரலாறு நமக்கு இன்னும் நெருங்கியது. 1886-ஆம் ஆண்டிற் புதுக்கோட்டையிற் பிறந்த அவரைப் பருவமடைந்தபின் பள்ளியினின்றும் நிறுத்திவிட்டார்கள். அக்காலத்து வழக்கம் அது. கற்றறிந்தவரான அவர் தந்தையார் நாராயணசாமி ஐயர் வீட்டிலேயே பாடஞ் சொல்லிக் கொடுத்தார். 1902-ஆம் ஆண்டில் அவர் தனியாகவே மெட்ரிக்குலேஷன் எழுதித் தேறினார். இதுவரை பார்த்தால் நம் அன்பர் கூற்றே வென்றதாகத் தோன்றும். ஆனால் அதற்கு மேல்? வீட்டுக் கல்வியின் எல்லை அங்கே முடிந்தது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி ஆண்களுக்கே உரியதாயிருந்தது; எதிர்ப்பும் எழுந்தது. தொண்டைமான் மன்னர் இசைவளித்தமையால் 1904-ஆம் ஆண்டில் அதனுள் அடியெடுத்து வைத்தார். 1907-இற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912-இற் பட்டம் பெற்றார். 1926-இற் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். 1954-ஆம் ஆண்டில் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியாற் தோன்றிற்று. பிணத்தை அறுத்துக் கற்கும் கல்வியை எந்தத் தந்தையும் கூடத்திலமர்ந்து கற்பித்தல் இயலாது. அன்றி, அவர் தந்தையாரைப் போன்ற கற்ற தந்தையர் அக்காலப் புதுக்கோட்டையில் எத்தனை பேர் இருந்திருப்பர்?

பள்ளியைக் குறைகூற இடமில்லை என்று நாம் சொல்லவில்லை. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயமுத்தூரிற் பயின்ற காலத்தில், தம் குலம் இன்னதென்று மற்றப் பிள்ளைகள் அறிந்துகொள்வாரோ என்னும் அச்சத்தால், அவர்களோடு கூடி விளையாடாமல் ஒதுங்கியிருந்ததைத் தம் ஜீவிய சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். பள்ளியின் வாசல் திறந்திருந்தும் உள்ளம் திறவாதிருந்த காலம் அது. நம் குலத்தாரிலும், முன்னாளில் நம் பிள்ளைகள் பட்ட அவமதிப்பைப் பேசுவோர், பிறர் பிள்ளைகட்கு நாம் செய்ததைப் பேசுவதில்லை. அச்சம் கொண்டும் சீனிவாசனார் பள்ளியைவிட்டு நீங்கவில்லை. நீங்கியிருந்தால் இலண்டன் வட்டமேஜை மகாநாட்டில் அவர் குரல் ஒலித்திராது.

விருதுநகர் நாடார் பெருமக்கள் செய்த செயலை ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பர். அதனைத் தண்டி விற்ற பணத்தாற் பள்ளி நடந்தது. அவர்கள் அந்தப் பணத்துக்கு வீடுதோறும் ஏடு வாங்கிக் கொடுக்கவில்லை. ஓரிடத்திற் பள்ளி கட்டி உபாத்தியாயரை அமர்த்தினர். அப்பிடியரிசிப் பள்ளியிற் பயின்ற சிறுவருள் ஒருவர் காமராசர். தந்தையை ஆறாம் வயதில் இழந்து, பன்னிரண்டு வயதளவிற் பள்ளியை விட்டு தாய்மாமன் துணிக்கடையில் அமர்ந்தவர்; அதன் பின் தாமே செய்தித்தாள் படித்து உலகறிவு பெற்றவர். பள்ளியில்லாமலே உயர்ந்தவர் என்று பெருமை பேசிக்கொள்ள அவருக்கு முழு உரிமை இருந்தது. அவர் செய்தது என்ன என்பதை அடுத்துக் காண்போம்.

1953-ஆம் ஆண்டில், முதலமைச்சராயிருந்த இராஜாஜி அவர்கள் தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொணர்ந்தார். கிராமப் பள்ளிகளில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாயிருந்த படிப்பு மூன்று மணி நேரமாயிற்று. பிள்ளைகள் இரு முறையாகப் பிரிந்து வருவர். எஞ்சிய பொழுதில் வீட்டிலிருந்து தந்தையின் தொழிலையோ ஊர்க் கைவினைஞர் தொழிலையோ பயிலல் வேண்டும். அரசாங்கத்தில் பணமில்லை, பள்ளிக்கு வெளியே நின்ற பிள்ளைகளோ மிகப் பலர், அதே கட்டடத்தில் அதே ஆசிரியரைக் கொண்டு இருமடங்கு பிள்ளைகட்குக் கற்பிக்கலாம் என்பது அவர் கருத்து. கைத்தொழிலின் பெருமையை அவர் மெய்யாகவே நம்பியவர். எனினும் நாட்டார் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தனர். பெரியாரும் பிறரும் கடுமையாக எதிர்த்தனர். ஆளுங் கட்சியிலும் எதிர்ப்பு மூண்டது. 1954-ஆம் ஆண்டு ஏப்ரலிற் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்திலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. 1956-ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டம் விரிந்தது. பள்ளியை விட்ட வலியறிந்தவர் பிள்ளைகளை முழுநாளும் பள்ளியில் இருத்துதற்குச் சோறும் இட்டார்.

அம்மூன்று மணி நேரத்தில் அடங்கியிருந்த வினாவே நம் கூட்டத்தில் எழுந்த வினா. வீட்டில் எஞ்சும் பொழுது கற்றவர் வீட்டிற் கல்வியாகும். மற்றவர் வீட்டில் வேலையாகும். பெண் குழந்தையாயின் அடுக்களையும் தம்பி தங்கையரைப் பார்த்தலும் ஆகும். இதில் தாய்தந்தையரைப் பழித்துப் பயனில்லை. வீடு என்பது வேலைக்குரிய இடம். அதில் ஒரு கை சும்மா இருத்தலை வறுமை பொறுக்காது.

இவையெல்லாம் பழங்கதை என்பாருக்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. கொள்ளைநோய் காரணமாக 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் முதல் எட்டு வகுப்பினர்க்கு 2021-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் ஒவ்வொரு வீடும் பள்ளியாயிருந்தது. தொலைக்காட்சியிற் பாடம் வந்தது, கைப்பேசியிலும் வந்தது. பள்ளி திறந்தபின் நம் விடுதிக்குத் திரும்பி வந்த சிறுமியருட் சிலர் கூட்டெழுத்துக்களை மறந்திருந்தனர், இருவர் திரும்பவேயில்லை. மணமாகிவிட்டது என்று சொல்லியனுப்பினார்கள். தன்னார்வலர் தெருத்தோறும் மாலையிற் கற்பிக்க, இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தை அரசு 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்க நேர்ந்தது. அதன் பெயரில் இல்லம் இருப்பினும், அங்கும் ஒருவர் வந்து கற்பிக்கவே பிள்ளைகள் கற்றனர்.

ஆதலின் நம் அன்பருக்கு நாம் கூறும் விடை இதுவே. தம் மகளை வீட்டிலிருந்து பயிலச் செய்ய அவர் எண்ணுவாராயின், அவளுக்குக் கணக்கும் அறிவியலும் யார் கற்பிப்பார், நாடோறும் எத்தனை நாழிகை எவ்வேலைக்கும் அழையாமல் அவளை விட்டுவைப்பார் என்று முதலில் தமக்குத் தாமே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். நோயாலோ உடற்குறையாலோ பள்ளி செல்லவியலாத பிள்ளைகட்கும், இடையிலே படிப்பை விட்டு இப்பொழுது முயலும் பெரியோர்க்கும் தனித்தேர்வு உற்ற துணையே. அவர்களுக்கு நூல் வாங்கிக் கொடுப்பதை நாம் முழுமனத்தோடு ஆதரிக்கின்றோம். நம் சங்க வாசகசாலையை இரவு ஒன்பது மணி வரை திறந்து வைக்கலாம் என்பதும் நம் கருத்து. ஆனால் அச்செலவு விடுதிச் செலவை நிறுத்திப் பெறுவதாயிருத்தல் கூடாது.

பெண்ணை வெளியூருக்கு அனுப்ப அஞ்சும் தாய்மாரின் மனத்தையும் நாம் அறிவோம். அவ்வச்சத்துக்கு விடை விடுதியை மூடுவதன்று. விடுதியை அச்சமின்றி அனுப்பத்தக்க இடமாக வைத்துக்கொள்வதே. அதன் பொருட்டு, பிள்ளைகளின் தாய்மார் மாதத்தில் ஒருநாள் முறைவைத்து வந்து தங்கிப் போகலாம் என்று விடுதிக் காப்பாளர் அம்மையார் எழுதியிருக்கிறார். நம் அன்பரின் மனைவியாரே முதலில் வந்து பார்க்கட்டும்.

கொத்தனார் ஒருவரைக் கொண்டு மேற்கூரையைச் சோதித்துள்ளோம். ஓடுகளில் மூன்றிலொரு பங்கு மாற்றல் வேண்டும் என்றும், தென்புறத்து உத்திரங்களில் இரண்டு உளுத்துவிட்டன என்றும், அவற்றின் கீழ் இப்பொழுது பிள்ளைகளைப் படுக்க விடவேண்டாம் என்றும் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். செலவுக் குறிப்புச் சங்கக் காரியாலயத்தில் உளது. அங்கத்தினர் எவரும் ஆவணிக் கூட்டத்துக்கு முன்னர் வந்து காணலாம். சிறுமியர் பதினால்வரும் இப்போது வடபுறத்து அறையில் நெருங்கிப் படுத்துக்கொள்கின்றனர்.